லீட்சிக்திஸ்: முதுகெலும்பு கிடைக்காத மீனை அளப்பது எப்படி?

பூமியில் இதுவரை வாழ்ந்த எலும்பு மீன்களில் மிகப் பெரியது எது என்று கேட்டால் தொல்லுயிரியலாளர்கள் சொல்லும் பெயர் லீட்சிக்திஸ். 16 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், ஜுராசிக் காலத்தின் நடுப்பகுதியில், இன்றைய ஐரோப்பாவின் பெரும்பகுதியை மூடியிருந்த கடலில் அது நீந்தியது. சரி, எவ்வளவு பெரியது? இங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. ஒரு புத்தகத்தில் 9 மீட்டர் என்று இருக்கும். இன்னொன்றில் 27 மீட்டர். இணையத்தில் தேடினால் 30 மீட்டர்கூடக் கண்ணில் படும். இன்று ஆய்வாளர்கள் ஏற்கும் உச்ச அளவு ஏறத்தாழ 16.5 மீட்டர்.

ஒரே மீனுக்கு எப்படி இத்தனை நீளங்கள்? யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு எலும்பும் ஒரு கணக்கும் இருக்கின்றன. அந்தக் கணக்குகளைப் புரிந்துகொண்டால், அழிந்துபோன ஒரு விலங்கைப் பற்றி அறிவியல் எப்படி முடிவுக்கு வருகிறது என்பதும் கூடவே புரிந்துவிடும். அதனால் இந்தக் கட்டுரையை அந்த எண்களைச் சுற்றியே எழுதுகிறேன். அதற்கு முன்பு சில அடிப்படைகள்.

இது எந்த வகை மீன்?

சுறாவுக்கும் திருக்கைக்கும் உடம்புக்குள் எலும்பு கிடையாது, இருப்பது குருத்தெலும்புதான். நாம் சந்தையில் வாங்கும் மற்ற மீன்கள் ஏறக்குறைய எல்லாமே எலும்பு மீன்கள். அவற்றிலும் மிகப் பெரும்பான்மை கதிர்த்துடுப்பு மீன்கள். சங்கரா மீனின் முதுகுத் துடுப்பை விரித்துப் பாருங்கள். மெல்லிய சவ்வைத் தாங்கிப் பிடித்தபடி முள்கள் வரிசையாக நிற்கும். சதைப்பற்றான தண்டு எதுவும் இல்லாமல், உடம்பிலிருந்து நேரே விரிகின்ற இந்தக் கதிர்கள்தான் அந்தப் பெயருக்குக் காரணம். இன்று 30,000க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கின்றன. முதுகெலும்புள்ள விலங்குகளில் கிட்டத்தட்டப் பாதி இவைதான். சீலகாந்த்தும் நுரையீரல் மீனும் வேறொரு கிளை. அவற்றின் துடுப்புக்கு அடியில் சதையும் எலும்பும் கொண்ட தண்டு உண்டு. நான்கு கால் விலங்குகளும் அவற்றோடு சேர்ந்து நாமும் அந்தக் கிளையிலிருந்து வந்தவர்கள்.

லீட்சிக்திஸ் என்பது ஒரு பேரினத்தின் பெயர். நெருங்கிய சிற்றினங்களை ஒரு கூரையின் கீழ் வைக்கும் பெயர்தான் பேரினம். சில பேரினங்களில் நூற்றுக்கணக்கான சிற்றினங்கள் இருக்கும்; லீட்சிக்திஸில் இப்போதைக்கு நிலைத்திருப்பது ஒன்றே ஒன்று, லீட்சிக்திஸ் பிராப்ளமேட்டிகஸ். தென் அமெரிக்காவில், சிலி நாட்டின் வடபகுதிப் பாலைவனத்தில் கிடைத்த எலும்புகளுக்கு 1999இல் தனிச் சிற்றினப் பெயர் வைத்தார்கள். பிறகு பார்த்தவர்களுக்கு இரண்டையும் பிரித்துக் காட்டத் தெளிவான வேறுபாடு எதுவும் தெரியவில்லை. இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, சிலி என்று எச்சங்கள் பரவிக் கிடப்பதால், நீண்ட தூரம் சுற்றிய மீன் இது என்பது மட்டும் உறுதி.

குடும்பம் என்று பார்த்தால் பேக்கிகார்மிட். அந்தக் குடும்பத்தில் பலர் வேகமாகப் பாய்ந்து இரை பிடிக்கும் வேட்டை மீன்கள். நீண்ட கூர்மூக்கும் கத்தி போன்ற பற்களும் கொண்ட புரோட்டோஸ்பைரினாவும் அதே குடும்பம்தான். அப்படிப்பட்ட வம்சத்தில் பல்லே இல்லாத தாடையோடு ஒரு ராட்சத மீன் பிறந்ததுதான் வியப்பு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

செங்கல் சூளையில் கிடைத்த மீன்

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் பீட்டர்பரோ என்றொரு ஊர். அதைச் சுற்றி நிலத்தடியில் இருப்பது ஆக்ஸ்ஃபோர்டு களிமண் என்று புவியியலாளர்கள் அழைக்கும் கருஞ்சாம்பல் நிறப் படிவம். ஜுராசிக் கடலின் அடியில் படிந்த சேறு அது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இந்தக் களிமண்ணுக்குத் திடீரென்று மவுசு வந்தது. காரணம், அதன் கீழடுக்கில் கரிமப் பொருள் நிறைய இருக்கிறது. அந்த மண்ணை அச்சில் அழுத்திச் சூளையில் வைத்தால், ஒரு கட்டத்துக்கு மேல் மண்ணுக்குள் இருக்கும் கரிமமே எரிந்து வெப்பம் தரும். நிலக்கரிச் செலவு பெரிதும் குறையும். ஃப்ளெட்டன் என்ற பக்கத்து ஊரின் பெயரில் விற்ற இந்த மலிவுச் செங்கல் லண்டன் நகரின் வீடுகளுக்குக் கோடிக்கணக்கில் போனது.

அந்தக் கரிமம் எங்கிருந்து வந்தது? ஜுராசிக் கடலில் மிதந்து திரிந்த நுண்ணுயிர்கள் செத்து அடியில் படிந்ததிலிருந்து. கடலில் மிதவையுயிரிகள் செழித்திருந்ததால்தான் அவற்றைத் தின்று ஒரு மாபெரும் மீன் வாழ முடிந்தது. அதே செழிப்புதான் பின்னாளில் களிமண்ணைச் செங்கலுக்கு ஏற்றதாக்கியது. செங்கலுக்காகப் பள்ளம் தோண்டியதால்தான் அந்த மீன் வெளியே வந்தது. இந்த மீனின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த கண்ணி இதுதான். மீன் தின்ற உணவும் மீனை வெளியே கொண்டுவந்த சூளையும் ஒரே கடலின் விளைச்சல்.

பீட்டர்பரோவுக்குப் பக்கத்தில் ஐபரி என்ற இடத்தில் ஆல்ஃபிரட் நிக்கல்சன் லீட்ஸ் என்ற விவசாயி வாழ்ந்தார். 1847இல் பிறந்தவர். புதைபடிவம் சேகரிப்பதில் தீராத ஆர்வம் கொண்டவர். அந்தக் காலத்தில் களிமண்ணைக் கையால்தான் வெட்டினார்கள். மண்வெட்டியில் எலும்பு தட்டுப்பட்டால் தொழிலாளிக்கு உடனே தெரியும். லீட்ஸுக்குச் சொல்லி அனுப்புவார்கள். அவர் வந்து பணம் கொடுத்து எடுத்துப் போவார். வீட்டில் உட்கார்ந்து துண்டுகளைப் பொறுமையாக ஒட்டிச் சேர்ப்பார். பிளீசியோசார், இக்தியோசார், கடல் முதலை என்று அவர் சேர்த்த கடல் ஊர்வனத் தொகுப்பு உலகின் சிறந்த தொகுப்புகளில் ஒன்றாக வளர்ந்தது. இன்று அது லண்டனின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், கிளாஸ்கோவின் ஹன்டேரியன் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் இருக்கிறது. பின்னாளில் இயந்திரங்கள் மண் வெட்ட வந்தபோது எலும்புகள் யார் கண்ணிலும் படாமல் நொறுங்கிப் போயின. லீட்ஸின் காலம் இந்த மீனின் அதிர்ஷ்டம்.

அவர் சேர்த்ததில் ஒரு குவியல் மட்டும் எதிலும் சேராமல் கிடந்தது. தட்டையான, பெரிய, மெல்லிய எலும்புத் தகடுகள். 1887இல் ஜான் விட்டேகர் ஹல்க் என்ற ஆய்வாளர் அவற்றைப் பார்த்துவிட்டு, ஸ்டெகோசார் வகை டைனோசரின் முதுகுத் தகடுகளாக இருக்கும் என்றார். அடுத்த ஆண்டு அமெரிக்காவிலிருந்து ஒத்னியல் சார்லஸ் மார்ஷ் வந்தார். ஸ்டெகோசார் என்ற பெயரையே 1877இல் உலகுக்குக் கொடுத்தவர் அவர்தான். தகடுகளைப் பார்த்ததுமே, இது டைனோசர் இல்லை, மீன் என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் மீன் புதைபடிவ நிபுணர் ஆர்தர் ஸ்மித் உட்வர்டு ஆராய்ந்து 1889இல் பெயர் வைத்தார். முதல் பாதி லீட்ஸுக்கு மரியாதை. பிராப்ளமேட்டிகஸ் என்ற இரண்டாம் பாதி, எந்த எலும்பு உடம்பில் எங்கே இருந்தது என்றே கண்டுபிடிக்க முடியாத திண்டாட்டத்தைச் சொல்கிறது.

ஏன் இவ்வளவு திண்டாட்டம்?

ஒரு சாதாரண மீன் செத்துப் புதைந்தால் மண்டையோடு, முதுகெலும்புக் கோவை, விலா முள், வால் என்று ஒரு வரிசை மிஞ்சும். வரிசை கலைந்தாலும் முதுகெலும்புகளை எண்ணி, ஒவ்வொன்றின் அகலத்தையும் அளந்து, நீளத்தை ஓரளவு சொல்லிவிடலாம். லீட்சிக்திஸில் அந்த வழி அடைபட்டுக் கிடக்கிறது. அதன் முதுகெலும்பின் நடுப்பகுதிகள் முழுமையாக எலும்பாக மாறவே இல்லை; குருத்தெலும்பாகவே இருந்துவிட்டன. குருத்தெலும்பு சீக்கிரம் அழுகிப் போகும். ஆக, உடம்பின் நீளத்தைச் சொல்ல வேண்டிய பாகமே புதைபடிவமாக மிஞ்சவில்லை.

மிஞ்சியவையும் சுலபமானவை இல்லை. மண்டையோட்டு எலும்புகள் ஒன்றோடொன்று இறுக்கமாகப் பிணைந்திருக்கவில்லை. மீன் செத்துக் கடலடியில் கிடந்தபோது அவை பிரிந்து, சிதறி, மேலே ஏறிய சேற்றின் எடையில் நசுங்கித் தட்டையாகிவிட்டன. பெரிய விலங்காக இருந்தும் எலும்புகள் மெல்லியவை. தொட்டால் உடையும் தகடுகள், கண்ணாடிச் சில்லுகள் மாதிரிச் சிதறும் துடுப்புக் கதிர்கள். இப்படி ஆயிரம் துண்டுகளைக் கையில் கொடுத்து, இதில் எது தலை, எது தோள் என்று கேட்டால் யாராக இருந்தாலும் தடுமாறுவார்கள். பத்துக்கணக்கான லீட்சிக்திஸ்களின் எச்சங்கள் இதுவரை கிடைத்திருக்கின்றன. ஒன்றுகூட முழு உடம்பாக இல்லை.

2001இல் பீட்டர்பரோவுக்கு அருகே விட்டில்சி என்ற இடத்தில், ஒரு பழைய செங்கல் பள்ளத்தின் செங்குத்துச் சுவரில் எலும்புகள் நீட்டிக்கொண்டிருப்பதை மாணவர்கள் இருவர் கவனித்தார்கள். ஜெஃப் லிஸ்டன் என்ற ஆய்வாளரின் தலைமையில் அடுத்த ஆண்டு அகழ்வு தொடங்கியது. மேலே இருந்த மண்மேட்டை முதலில் அகற்ற வேண்டியிருந்தது. அப்புறம் கத்தியும் தூரிகையுமாக எலும்பு எலும்பாக எடுத்தார்கள். சுவருக்குள் போகப் போக எலும்புகள் முடிவில்லாமல் வந்துகொண்டே இருந்தன. "போய்க்கொண்டே இருக்கும், போய்க்கொண்டே இருக்கும்" என்று பாடிய ஒரு பழைய சலவை இயந்திர விளம்பரம் அவர்கள் நினைவுக்கு வர, அந்த இயந்திரத்தின் பெயரான ஆரிஸ்டன் என்பதையே மீனுக்கும் செல்லப்பெயராக வைத்தார்கள். லீட்ஸின் காலத்தில் கிடைத்தவற்றுக்கு, எந்த எலும்பு எதன் பக்கத்தில் கிடந்தது என்ற வரைபடம் இல்லை. ஆரிஸ்டனுக்கு அது கிடைத்தது. எலும்பின் அளவுக்கு அதன் இடமும் தகவல்தான்.

எண்களின் கதை

முதல் எண் வாலிலிருந்து வந்தது. 1898இல் லீட்ஸ் ஒரு வால் துடுப்பைத் தோண்டி எடுத்தார். அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் அருங்காட்சியகம் அதை வாங்கியது. நிமிர்த்தி வைத்தால் மேல் நுனியிலிருந்து கீழ் நுனிவரை சுமார் 2.7 மீட்டர். உயரமான மனிதர் ஒருவர் பக்கத்தில் நின்றால் வாலின் நுனி அவர் தலைக்கு மேல் போய்விடும். கதிர்கள் ஒவ்வொன்றும் அடியில் தடித்து, நுனியை நோக்கிப் போகப் போகக் கிளைத்துப் பிரிகின்றன. மேல் மடலும் கீழ் மடலும் நடுவில் ஆழமாகப் பிளந்து நிற்கின்றன. ஓயாமல் நெடுந்தூரம் நீந்தும் மீன்களுக்கு இருக்கும் வடிவம் அது.

உட்வர்டு 1905இல் அந்த வாலை வைத்து நீளம் கணக்கிட்டார். முறை எளிது. அதே குடும்பத்தில் ஹிப்ஸோகார்மஸ் என்ற சிறிய மீன் முழு உடம்போடு கிடைத்திருந்தது. அதன் வால் உடம்பில் எத்தனை பங்கு என்று பார்த்து, அதே விகிதத்தை இந்தப் பெரிய வாலுக்குப் பொருத்தினார். விடை சுமார் 9 மீட்டர்.

இந்த முறையின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதுதான் விடையைத் தீர்மானிக்கிறது. ஒரு வவ்வால் மீனின் தலையை மட்டும் பார்த்தவர், வாளை மீனின் உடம்பு விகிதத்தை அதற்குப் பொருத்தினால் என்ன ஆகும்? உண்மையைவிடப் பல மடங்கு நீண்ட மீன் ஒன்று காகிதத்தில் பிறந்துவிடும். கணக்கில் பிழையே இருக்காது. எடுத்துக்கொண்ட உறவினர்தான் தவறு.

1986இல் டேவிட் மார்ட்டில் வேறொரு உறவினரை எடுத்துக்கொண்டார். ஆஸ்தினோகார்மஸ் என்ற அந்த மீனின் உடம்பு விகிதங்கள் வித்தியாசமானவை. எந்த எலும்பிலிருந்து தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறிக்கொண்டே போனது. ஒரு முனையில் 13.5 மீட்டர். செவுள்களைத் தாங்கும் எலும்புக் கூடான செவுள் கூடையின் அளவிலிருந்து தொடங்கினால் 27.6 மீட்டர். மிகப் பெரிய மீன்கள் அந்த உயர்ந்த அளவை எட்டியிருக்கலாம் என்று அவர் கருதினார். கீழ் முனை ஆய்வுக் கட்டுரைக்குள்ளேயே தங்கிவிட்டது. மேல் முனை வெளியே வந்து ஊர் சுற்றியது. நீலத் திமிங்கிலத்தோடு போட்டி போடும் ஒரு மீன் என்றால் எந்தப் பத்திரிகைதான் விடும்? 27.6 என்பது 30 ஆனது. சில இடங்களில் அதற்கு மேலும் ஏறியது. இன்றும் இந்த மீனைப் பற்றிய பல படங்களில் நீங்கள் பார்க்கும் அளவு அந்த ஒரு கணக்கின் ஒரு முனையிலிருந்து வந்தது.

அடுத்து லிஸ்டன் குழு. அவர்கள் இரண்டு வேலைகள் செய்தார்கள். அருங்காட்சியகங்களில் நூறாண்டுகளாகத் தவறான பெயரில், தவறான பெட்டியில் கிடந்த எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி ஆராய்ந்தார்கள். ஒரே ஒரு உறவினரை நம்பாமல், முழு உடம்போடு கிடைத்த பல பேக்கிகார்மிட் மீன்களின் விகிதங்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். 2013இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் இன்னொரு புதிய சாட்சியும் இருந்தது: வயது.

மீனின் வயதை எலும்பில் படிக்கலாம். உணவு நிறையக் கிடைக்கும் காலத்தில் எலும்பு வேகமாக வளரும். குறையும் காலத்தில் மெதுவாகும். அந்த மெதுவான காலம் எலும்புக்குள் ஒரு கோடாகப் பதியும். எலும்பைக் குறுக்கே வெட்டி, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய தகடாகத் தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்தால் கோடுகளை எண்ணலாம். ஒரு கோடு ஓர் ஆண்டு. கோடுகளுக்கு இடையிலான தூரத்தைப் பார்த்தால், எந்த வயதில் எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்பதும் தெரியும். அவர்கள் பார்த்த மீன்கள் ஏறத்தாழ 20 வயதில் 8 முதல் 9 மீட்டரை எட்டியிருந்தன. மிகப் பெரிய மீன் 38 வயதில் சுமார் 16.5 மீட்டர்.

இந்த எண்ணை நான் நம்புவதற்குக் காரணம் அது புதியது என்பது மட்டும் இல்லை. விகிதக் கணக்கும் வளர்ச்சிக் கணக்கும் தனித்தனி வழிகள். இரண்டும் ஒன்றோடொன்று முரண்படாமல் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன. இன்னொரு பயனும் உண்டு: உட்வர்டின் 9 மீட்டரும் தவறு இல்லை என்று ஆகிவிடுகிறது. நடு வயது மீன் ஒன்றுக்கு அது பொருத்தமான அளவுதான். மீன் எத்தனை வயதில் செத்தது என்று தெரியாமல் அதன் இனத்தின் உச்ச அளவைச் சொல்ல முடியாது. 16.5 மீட்டர் என்பது சாதாரணமும் இல்லை. இன்று வாழும் மீன்களில் மிகப் பெரியதான திமிங்கலச் சுறாவின் மிகப் பெரிய மீன்களோடு வைத்துப் பேசக்கூடிய அளவு அது. திமிங்கலச் சுறா குருத்தெலும்பு மீன். எலும்பு மீன்களில் இந்த உயரத்தைத் தொட்டதாக நமக்குத் தெரிந்தது லீட்சிக்திஸ்தான்.

இத்தனை பெரிய உடம்புக்கு என்ன சாப்பாடு?

அடுத்த முறை அயிலை வாங்கும்போது (உங்கள் ஊரில் அதற்குக் கானாங்கெளுத்தி என்றும் பெயர் இருக்கலாம்) வாயை அகலத் திறந்து உள்ளே பாருங்கள். தொண்டையின் இரண்டு பக்கமும் நீளமான மெல்லிய இழைகள் நெருக்கமாக வரிசைகட்டி நிற்கும். செவுள் மூடியைத் தூக்கினால் சிவப்பான செவுளுக்கு எதிர்ப்புறத்தில், அதே வளைவு எலும்பில் அவை முளைத்திருப்பது தெரியும். சிவப்புப் பகுதி மூச்சு விட. இந்த வெளிறிய இழைகள் இரையைத் தடுத்து நிறுத்த. அயிலை வாயைத் திறந்தபடி நீந்தும். உள்ளே புகும் நீர் செவுள் வழியே வெளியேறும். நீரில் மிதந்து வந்த நுண்ணிய உயிரிகள் இழைகளில் தடைபட்டுத் தொண்டைக்குள் போகும். மத்தி மீனிலும் இதே ஏற்பாடுதான், இழைகள் இன்னும் நெருக்கமாக இருக்கும். சுத்தம் செய்யும்போது செவுளோடு சேர்த்துப் பிய்த்து எறிந்துவிடுவதால் நம்மில் பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

லீட்சிக்திஸிடமும் அதே உறுப்பு இருந்தது, பல மடங்கு பெரிதாக. ஒவ்வொரு இழையும் சில சென்டிமீட்டர் நீளமுள்ள எலும்பு. அதன் விளிம்பில் வரிசை வரிசையாக ஊசிபோன்ற நுண்பற்கள். பக்கத்து இழையின் நுண்பற்களும் சேர்ந்து இடைவெளியை அடைக்கும்போது நெருக்கமான வலை ஒன்று கிடைக்கிறது. பல்லில்லாத தாடை, பெரிய வாய், பெரிய செவுள் கூடை: இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அது என்ன சாப்பிட்டது என்பதில் ஐயமே எழாது. வயிற்றில் கடைசியாகச் சாப்பிட்ட உணவு புதைபடிவமாகக் கிடைக்கவில்லை. ஆனாலும் உறுப்பே சாட்சி. கடலில் மிதக்கும் சிறு இறால் வகைகள், லார்வாக்கள், சின்னஞ்சிறு உயிரிகள் ஆகியவற்றை வடிகட்டித் தின்றது.

மிகப் பெரிய விலங்குகள் ஏன் மிகச் சிறிய இரையைத் தின்ன வேண்டும்? உணவுச் சங்கிலியின் கணக்கு அப்படி. மிதவைப் பாசியைச் சிற்றுயிர் தின்கிறது. அதைச் சிறு மீன். அதைப் பெரிய மீன். ஒவ்வொரு படியிலும் ஆற்றலின் பெரும்பகுதி மூச்சு விடுவதிலும் நீந்துவதிலும் செலவாகிவிடும். அடுத்த படிக்குப் போவது பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு அளவுதான். மேல் படியில் உட்கார்ந்திருக்கும் வேட்டை மீனுக்கு மிஞ்சுவது கொஞ்சம். கீழ்ப் படியிலேயே வாயை வைத்தவனுக்குக் கடல் அளவு உணவு. ஒரு சிக்கல் மட்டும்: அந்த உணவு பொடிப்பொடியாகப் பரவிக் கிடக்கும். தனித்தனியாகப் பிடித்தால் கட்டுப்படியாகாது. ஒரே நேரத்தில் நிறைய நீரை வடிகட்டும் பெரிய வாய் இருந்தால் கட்டுப்படியாகும். அதனால்தான் நீலத் திமிங்கிலம், திமிங்கலச் சுறா, கொம்புத்திருக்கை என்று தங்கள் கூட்டத்திலேயே பெரியவை பலவும் வடிகட்டித் தின்கின்றன.

பெரிய உடம்பு பாதுகாப்பும் கூட, முழுப் பாதுகாப்பு இல்லை என்றாலும். அதே கடலில் லியோபிளூரோடான் என்ற பெருந்தலைப் பிளியோசார், அதாவது வேட்டையாடும் கடல் ஊர்வன, இருந்தது. மெட்ரியோரிங்கஸ் என்ற கடல் முதலையின் பல் லீட்சிக்திஸின் எலும்பில் பதிந்து கிடைத்திருக்கிறது. முழு வளர்ச்சி அடைந்த மீனைக் கொல்ல அந்த முதலைக்கு அளவு போதாது; கடித்துப் பார்த்திருக்கிறது, அல்லது பிணத்தைத் தின்ன வந்திருக்கிறது.

ஒற்றை மீன் என்று நினைத்தது ஒரு வம்சமாக மாறியது

நூறாண்டுக்கும் மேலாக லீட்சிக்திஸ் தனித்து நின்றது. ஜுராசிக்கின் நடுவில் தோன்றி, கொஞ்ச காலம் இருந்துவிட்டு, வாரிசு இல்லாமல் மறைந்த ஒரு விசித்திரம் என்றே பலரும் நினைத்தார்கள். பெருங்கடலில் வடிகட்டித் தின்னும் ராட்சதர்களின் இடம் டைனோசர் காலம் முழுவதும் ஏறக்குறையக் காலியாகவே இருந்தது என்பதுதான் பாடம்.

2010இல் மேட் ஃபிரீட்மன் தலைமையிலான குழு அந்தப் பாடத்தை மாற்றியது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் சுண்ணாம்புப் பாறையிலிருந்து பல ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்ட ஒரு பெரிய மீன், வாளேந்திய வேட்டை மீனான புரோட்டோஸ்பைரினா என்ற பெயரில் அருங்காட்சியகத்தில் இருந்தது. அதைச் சுத்தம் செய்து பார்த்தபோது தாடையில் பல்லும் இல்லை, மூக்கில் வாளும் இல்லை. அது வடிகட்டி மீன். அந்தப் பகுதியில் தலைமுறையாகப் புதைபடிவம் தேடிய போனர் குடும்பத்தின் பெயரில் போனரிக்திஸ் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். லீட்சிக்திஸுக்குப் பல கோடி ஆண்டுகள் பிந்தியது அது. ஜுராசிக்கை அடுத்து வந்த கிரெட்டேசியஸ் காலத்தின் பின்பகுதி. இங்கிலாந்திலும் ஜப்பானிலும் கிடைத்த வேறு எலும்புகளிலிருந்து ரின்கோனிக்திஸ் என்ற இன்னொரு பேரினமும் பட்டியலில் சேர்ந்தது. எல்லாவற்றையும் வரிசையில் வைத்தால், ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகள் இந்தக் குடும்பம் கடலின் வடிகட்டி ராட்சதர்களாக இருந்திருக்கிறது. தனி விசித்திரம் என்று நினைத்தது அந்த வம்சத்தின் ஒரே ஒரு பக்கம். மற்ற பக்கங்கள் அருங்காட்சியக அலமாரிகளில் வேறு பெயர்களில் கிடந்தன.

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு விண்கல் மோதியபோது இந்த வம்சம் முடிந்தது. ஏன் இவை தப்பவில்லை என்பதைப் புரிந்துகொள்வது கடினமில்லை. புழுதியும் புகையும் சூரிய ஒளியை மறைத்தபோது முதலில் அடிபட்டது கடலின் மேல்மட்டத்தில் ஒளியை நம்பி வாழ்ந்த மிதவைப் பாசிகள். அவற்றை நம்பியிருந்த சிற்றுயிர்கள் குறைந்தன. பெரிய உடம்போடு தினமும் கணக்கற்ற சிற்றுயிர்களைத் தின்றாக வேண்டிய மீனுக்கு மாற்று வழி இல்லை.

அந்த இடத்தைப் பின்னர் பிடித்தவர்கள் வேறு வேறு குடும்பங்களிலிருந்து வந்தார்கள். சுறாக்களில் சில, திருக்கைகளில் சில, அப்புறம் சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தாடையில் பல்லுக்குப் பதில் வடிதகடு வளர்த்துக்கொண்ட திமிங்கிலங்கள். எலும்பு மீன்கள் மறுபடி அந்த அளவுக்கு வளரவில்லை. 2021இல் அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே செத்து மிதந்த ஒரு சூரிய மீன் 2,744 கிலோ இருந்தது; இன்றைய எலும்பு மீன்களில் எடைபோட்டுப் பதிவானவற்றில் மிகக் கனமானது அதுதான். அதன் நீளம் மூன்றே கால் மீட்டர்.